உடுமலைக்கு அப்புறம்

தம்பி, உடுமலைப்பேட்டைக்கு அப்புறம் எந்த ஊர் வரும்? கோயம்புத்தூர் போகிற வழியில் கேட்கிறேன். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம்?

பொள்ளாச்சியா. நல்லது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கிழவன் எதற்குப் பொள்ளாச்சியை விசாரிக்கிறான் என்றுதானே. சொல்கிறேன், உட்காருங்கள். நீங்களும் தென்காசியா? ரொம்ப நல்லது. இந்த மஞ்சப்பை என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே ஒரு ஃபைல், அதற்கு அடியில் என் போன். நடுநடுவே உறுமும். கண்டுகொள்ள வேண்டாம்.

என் பெயர் கோமதிநாயகம். ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன். நான் கட்டிய மூட்டை எதுவும் வழியில் அவிழ்ந்ததாகப் புகார் வந்ததில்லை. எனக்கென்று ஒரு முடிச்சு உண்டு. இழுத்தால் இறுகும், தளர்த்தினாலும் இறுகும். அதை அவிழ்க்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் கத்தரிக்கோல் தேட வேண்டியதுதான்.

ஒரு தடவை மேக்கரையிலிருந்து ஒருவர் தேனடையைத் தேனீக்களோடு கொண்டுவந்தார், உயிரோடு சென்னைக்குப் போக வேண்டும் என்று. ஆபீஸே வாசலுக்கு ஓடிவிட்டது. நான் ஈரச்சாக்கு சுற்றி, வேப்பிலை வைத்து, என் முடிச்சைப் போட்டேன். எழும்பூரில் அவிழ்த்தபோது அவ்வளவு தேனீயும் அப்போதுதான் கண் விழித்துக் கொட்டாவி விட்டதாம்.

சிரிக்கிறீர்கள். என் பேத்தி சிரிக்கமாட்டாள். நித்திலா என்று பெயர். மகள் வயிற்றுப் பேத்தி. மகள் உலகம்மாளும் பேத்தியும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாப்பிள்ளை காலமாகிப் பன்னிரண்டு வருஷம். நித்திலாவுக்கு எட்டு வயதிருக்கும்போது இந்தத் தேனீக் கதையைக் கேட்டுவிட்டு, "மூட்டைக்குள்ள எப்படித் தாத்தா மூச்சு விட்டுச்சு?" என்றாள். முறை வைத்து விட்டன, ஒன்று விடும்போது இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்றேன். நம்பினாள். பதினைந்து வயதில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "தாத்தா, அவ்வளவும் செத்துருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தேன்.

இப்போது விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, கோயம்புத்தூர்ப் பக்கம். பூச்சிகளைப் பற்றியும் அதில் வருமாம். தேனீயும் வருமாம்.

உறுமுகிறது பாருங்கள். கிடக்கட்டும்.

பிள்ளை ஊரைவிட்டுப் போகிறாள் என்றால் பெட்டி கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பெட்டி கட்ட என்னைத் தவிர ஆள் கிடையாது. ஆனால் அந்தக் காலம் மாதிரியா? உலகு ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறாள், போனில். விரிப்பு, போர்வை, தலையணை உறை ரெண்டு, கொசுவலை, வாளி, மக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பூட்டு ரெண்டு, பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நார்த்தங்காய், ஊசி நூல், நகவெட்டி, காய்ச்சல் மாத்திரை. ஒவ்வொன்றையும் நான் உள்ளே வைக்க வைக்க அவள் டிக் அடிக்கிறாள்.

எனக்கு அந்த டிக் பிடிக்கவில்லை.

ஏன் என்று கேளுங்கள். எனக்கு ஒரு மகனும் உண்டு. ஆறுமுகநயினார். மஸ்கட்டில் இருக்கிறான். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பொங்கலுக்குப் போன் வரும். அவன் பெட்டியையும் நான்தான் கட்டினேன். ஒரு குறை கிடையாது. சட்டைப் பித்தான் விழுந்தால் தைக்க அதே நிறத்தில் நூல்கூட வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னான், "எல்லாம் இருக்குப்பா, ஒண்ணும் வேண்டாம்." அதற்கப்புறம் அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கக் கூடாது.

ஆகவே இந்தத் தடவை ஒரு பொருள் குறையட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு? ஒரே ஒரு பொருள். அதைத் தேடிக்கொண்டாவது திரும்பி வருவாள் இல்லையா.

முதலில் நகவெட்டியை எடுத்தேன். உலகு கண்டுபிடித்து, "நாலு வயசுக் குழந்தைகூட இப்படிப் பண்ணாது" என்று சொல்லி, திரும்ப வைத்தாள். அப்புறம் நார்த்தங்காய்ப் பாட்டிலை எடுத்து உத்தரத்துக்கு மேலே வைத்தேன். நித்திலா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இருக்கட்டும் தாத்தா, அங்கேயே வாங்கிக்கிடுதேன்." வாளியை ஒளித்தேன். அதையும் அங்கேயே வாங்கிக்கொள்வாளாம். போர்வையையும். எல்லாம் அங்கே கிடைக்குமாம். அப்படி என்ன ஊர் தம்பி அது? அங்கே கிடைக்காத ஒரு பொருள்கூட நம் வீட்டில் கிடையாதா?

ரெண்டு நாள் யோசித்தேன்.

இதற்கு நடுவில் இன்னொரு பிரச்சினை. புதன்கிழமை, அதாவது இன்றைக்கு, கல்லூரியில் சேர வேண்டும். அதற்குச் செவ்வாய்க்கிழமை புறப்பட வேண்டும். செவ்வாய் வடக்கே சூலம், புதனும் அதே. கோயம்புத்தூர் வடக்கே இருக்கிறது. உலகு பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறாள். நான் சொன்னேன், பரஸ்தானம் வைத்துவிடலாமே என்று.

உங்கள் வீட்டில் அந்த வழக்கம் உண்டா? எங்களில் உண்டு. புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், முதல்நாளே நல்ல நேரத்தில் பயணக்காரருடைய பொருளில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பொருள் புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு. போன பொருள் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

வந்தால் என்ன ஆகும்? மகாலிங்கம் கதைதான் ஆகும். அவன் கொழும்புக்குப் புறப்பட்டவன். பெட்டியைப் பரஸ்தானம் வைத்த பிறகு, எண்ணெய்ப் பாட்டிலை மறந்துவிட்டோம் என்று பெண்டாட்டி அந்தப் பெட்டியை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் மகாலிங்கம் போனான். கொழும்பிலும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. பெட்டி மட்டும் ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டிலேயே வந்து இருந்தது. அந்த வீட்டுக்காரர் அதைக் கிணற்றில் போட்டுப் பார்த்தார், மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். காலையில் அதே மூலையில் இருக்கும். உள்ளேயிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்கும்.

கையை ஏன் இழுத்துக்கொண்டீர்கள்? மகாலிங்கம் என்று யாரும் கிடையாது தம்பி. நான் கட்டிய ஆள். நித்திலா தூங்குவதற்காகச் சொன்னது. ஆனால் ஒன்று, பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவன் முகம் இப்போது எனக்குத் தெரிகிறது. நெற்றியில் ஒரு தழும்பு, இடது பக்கம். அதை நான் வைக்கவில்லை. அதுவாக வந்தது.

சிவகிரி வந்துவிட்டதா? சரி.

எந்தப் பொருளைப் பரஸ்தானம் வைப்பது என்று பேச்சு வந்தது. உலகு ஒரு துண்டும் கொஞ்சம் அரிசியும் போதும் என்றாள். நான் விடவில்லை. படிக்கப் போகிற பிள்ளைக்குப் படிப்புதான் பயணம், சர்ட்டிபிகேட் ஃபைல்தான் அதற்கு உயிர், அதை வைக்காமல் துண்டை வைத்தால் துண்டுதான் கோயம்புத்தூர் போய்ச் சேரும் என்றேன். உலகு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். ஆனால் சூலத்துக்குப் பயந்தவள். சரி என்றாள்.

திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பதுக்கு முடிந்தது. ஒன்பதே காலுக்கு என்னுடைய பழைய ரெக்ஸின் சூட்கேஸில் ரெண்டு செட் துணி, அதற்குமேல் ஃபைல். டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இடம் ஒதுக்கின ஆர்டர், எல்லாம் ஒரிஜினல். மேலே கயிறு, என் முடிச்சு. நித்திலாவே தூக்கிக்கொண்டுபோய் வடக்கு வீட்டு அனவரதம் பிள்ளை வீட்டு நடையில் வைத்தாள். அவருக்கும் என் வயதுதான்.

மத்தியானம் உலகுவும் பிள்ளையும் செருப்பு வாங்கக் கடைக்குப் போனார்கள். எனக்கு அந்த முடிச்சு மேலே ஒரு சந்தேகம். தளர்ந்திருக்குமோ என்று. போய்ப் பார்ப்பது நம் கடமை இல்லையா?

அனவரதம் ஈசிசேரில் இருந்தபடியே, "என்ன வே, புறப்பட்ட பெட்டியைத் திரும்பத் தூக்குதீரு?" என்றார்.

"முடிச்சு தளந்திருக்குய்யா."

"இங்கேயே கட்டும்."

"வெளிச்சம் பத்தாது."

"ஒம்ம மககிட்ட கேக்கட்டுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டியைப் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பின்வாசல் கணக்கில் வராது. அவிழ்த்தேன். ஃபைல் மேலேயே இருந்தது. தூசி இருந்தது. துடைக்கலாம் என்று எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். அப்புறம் பெட்டியை மூடி, கட்டி, திரும்ப அனவரதம் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஃபைலை மறந்துவிட்டேன்.

வயதாகிறது இல்லையா?

தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன், கசங்காமல் இருக்கட்டும் என்று.

மறுநாள் காலை தாயும் மகளும் புறப்பட்டார்கள். வாசலில் நித்திலா என் காலில் விழுந்தாள். "தாத்தா, பெட்டி கனமே இல்லையே" என்றாள், அனவரதம் வீட்டிலிருந்து அதை வாங்கிக்கொண்டு. என் முடிச்சு கனத்தை வாங்கிக்கொள்ளும் என்றேன். சிரித்தாள். அந்த மாதிரிக் கதைக்கு இப்போது அவள் சிரிக்கிறாள்.

சாயங்காலம் போன் வந்தது. உலகுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் பதில் வந்திருக்கும்.

"அப்பா, முடிச்சைக் கத்தரிக்கோல் வச்சு வெட்டித்தான் தொறந்தோம். வேற யாரும் அவுக்கல. அது நீங்க போட்ட முடிச்சுத்தான். ஃபைலு எங்க இருக்குன்னு நான் உங்ககிட்ட கேக்கல. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் காட்டலன்னா எடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துருவாங்களாம். காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வாங்க."

நான் சொன்னேன், "தேடிப் பாக்கேன் தாயி."

"தேட வேண்டாம்ப்பா. எடுத்துட்டு வாங்க."

பெற்ற மகள் பேசுகிற பேச்சா இது, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் நித்திலா போனை வாங்கினாள். "தாத்தா, ஃபைலைத் தொறந்து ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. அதைக் காட்டி ஒரு வாரம் டைம் கேட்டுப் பாக்கேன். கொடுத்தாலும் கொடுப்பாங்க." போட்டோ அனுப்ப எனக்கு எங்கே தெரியும் என்றேன்.

நீங்களும் அதைத்தான் கேட்க வந்தீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தினமும் காலையில் செம்பருத்தியைப் படம் எடுத்து ரெண்டு குரூப்பில் போடுகிறேன்தான். அது வேறு தம்பி. அது பூ.

இன்றைக்கு விடியற்காலை தென்காசியில் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்பது மணிக்கு மதுரை, மாட்டுத்தாவணி. அங்கிருந்து டவுன்பஸ் பிடித்து ஆரப்பாளையம் போய்க் கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டும். முதல் டவுன்பஸ்ஸில் கூட்டம். ரெண்டாவதில் கூட்டமில்லை, ஆனால் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் கண்டக்டர் குனிந்து, "பெரியவரே, ஏறுறீங்களா?" என்று கேட்டான். ஒரு காலை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். எதிர் பெஞ்சில் ஒரு ஆள், மடியில் தகரப்பெட்டி. நெற்றியில் தழும்பு.

இடது பக்கம்.

யாரோ பயணியாக இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும். அவன் என்னைப் பார்த்து, "ஊருக்குத்தானே?" என்றான். ரொம்ப நாள் தெரிந்த மாதிரிக் கேட்டான். நான் காலைக் கீழே வைத்தேன். டவுன்பஸ் போய்விட்டது. அந்த ஆள் இருமினான். பெட்டி இருமியதா அவன் இருமினானா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தென்காசி பஸ் வந்தது. காலி பஸ். ஜன்னல் ஓரம். நான் ஏறவில்லை தம்பி, கால்கள் ஏறின.

ஆமாம். அப்போது மணி பதினொன்று. அப்போதுகூட ஓடிப்போய்க் கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடித்திருந்தால் ஐந்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். கணக்குப் போட எனக்கும் தெரியும்.

நித்திலா மணிக்கொரு தடவை கூப்பிட்டாள். அவளை ஏமாற்ற எனக்கு மனசில்லை. அதனால் எங்கே வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாட்டுத்தாவணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது திண்டுக்கல் வந்துட்டேன், இங்கே வெயில் கொளுத்துது என்றேன். இந்தப் பஸ் கல்லுப்பட்டியில் நின்றபோது, ஒட்டன்சத்திரம் வந்தாச்சு, முருங்கைக்காய் லாரி ஒண்ணு ரோட்டை மறிச்சு நிக்கி என்றேன். லாரிக்காரனுக்கும் நம் டிரைவருக்கும் நடந்த சண்டையைக்கூடச் சொன்னேன். அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், பழனி மலை தெரியுது, கும்பிட்டுக்கோ தாயி என்றேன். மலை பொய்யில்லை. மேற்கே நிஜமாகவே மலை இருந்தது. "கும்பிட்டுட்டேன் தாத்தா" என்றாள்.

ராஜபாளையத்தில் நீங்கள் ஏறுவதற்கு முன்னால் கடைசியாகக் கூப்பிட்டாள். உடுமலை வந்தாச்சு என்றேன். "சரி தாத்தா. ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கேன். அஞ்சு வரைக்கும் இருப்பாங்களாம். நான் கேட்லதான் நிக்கேன், காலையிலேர்ந்து இங்கதான் நிக்கேன். அம்மாதான் எதுவும் சாப்பிடல. அடுத்து எந்த ஊரு தாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. பேச்சை வெட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அதிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கிறது. கையை வைத்துப் பாருங்கள், பைமேலே. தேனடை மாதிரியே இல்லை?

என்னை நீங்கள் கெட்டவன் என்று நினைக்கலாம். எனக்கு எழுபத்தாறு வயது. ஒரு வருஷம் பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடும்? அடுத்த வருஷம் சேரட்டும், வேண்டாமென்றா சொல்கிறேன். வீட்டில் கதை கேட்க ஆள் வேண்டாமா? அனவரதத்துக்குப் பாதி காது கேட்காது. உலகுவுக்கு நேரம் கிடையாது.

கடையநல்லூர் போய்விட்டதே. மணி என்ன? மூன்றா. பார்த்தீர்களா, பேச்சில் நேரம் போனதே தெரியவில்லை.

தம்பி, இப்போது ஒரு சின்ன உதவி. எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த ஃபைல் பரஸ்தானம் போன பொருள். ஒரு தடவை திரும்பி வந்ததே தப்பு. ரெண்டாவது தடவையும் இதை நான் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பின்வாசல் வழியாகக்கூட. மகாலிங்கத்தை மாட்டுத்தாவணியில் பார்த்துவிட்டேன் இல்லையா, இனி என்னால் முடியாது. அனவரதம் வீட்டில் வைக்கலாம் என்றால் அவர் உலகுவிடம் சொல்லிவிடுவார். உங்கள் வீடு எங்கே? ரயிலடிப் பக்கமா? எங்களுக்கு வடக்கேதான். சரியாகத்தான் அமைந்திருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இதோ, பிடியுங்கள். மடியில்தான் வைக்கிறேன், கடிக்காது. உள்ளே கருப்பு ஃபைல், மேலே அவள் பெயர் எழுதியிருக்கும், அவளே எழுதினது. அதைப் பிரிக்காதீர்கள். பிரித்தாலும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் போனில் நல்ல காமிரா இருக்கும், வெளிச்சமும் இருக்கிறது. அது உங்கள் பாடு. நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது.

கண்டக்டர், தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறேன். ஆமாம், இங்கேதான். நான் நடந்து போய்க்கொள்வேன். கொஞ்சம் வழி விடுங்கள் தம்பி.

போனா? அதுவும் பையில்தான் இருக்கிறது. இருக்கட்டும், அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுமுகிறது, எடுங்கள். அவள்தான். உடுமலை வரைக்கும் நான் சொல்லியிருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து நீங்கள் சொல்லுங்கள்.